ஆவணிக்கு முன் ஒரு கோட்டிங்



ஆடி பிறந்தால் வீடு, மனை வியாபாரம் கொஞ்சம் ஓய்ந்துவிடும். பதினெட்டாம் பெருக்கன்று மட்டும் ஒரு சலசலப்பு. மற்றபடி, வீடு பிடித்துப்போனவர்கள்கூட “ஆவணி பிறக்கட்டும், அட்வான்ஸ் தருகிறோம்” என்றுதான் சொல்வார்கள். விற்கப்போகிறவர்களுக்கு இது நல்ல அவகாசம். அதனால்தானோ என்னவோ, இந்த மாதத் தபாலில் ஒரே கேள்வி பலவிதமாக வந்திருக்கிறது: விற்கிற வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கலாமா, அடித்தால் என்ன கலர்?

மேற்கு மாம்பலத்தில் பழைய ஃபிளாட் ஒன்றை விற்க நினைக்கும் வாசகி நேராகவே கேட்கிறார்: “வாங்குகிறவர்கள் எப்படியும் கிரகப்பிரவேசத்துக்கு முன்னால் தங்களுக்குப் பிடித்த கலரை அடிக்கத்தானே போகிறார்கள்? நான் எதற்குச் செலவு செய்ய வேண்டும்?”

நியாயமான கேள்வி. விற்கிற வீட்டைச் சோடித்துக் காட்டுவது அமெரிக்காவில் தனித் தொழில். 1970களில் பார்ப் ஷ்வார்ஸ் என்ற பெண்மணி அதற்குப் பிள்ளையார் சுழி போட்டார். சோபா, கட்டில், சுவரில் மாட்டும் படம்வரை வாடகைக்கு வாங்கிவந்து வைப்பார்கள். நம் ஊரிலோ பால் காய்ச்சுவதற்கு முன்பே பெயிண்டர் வந்து ஏணியைச் சாத்திவிடுவார். அந்தச் செலவெல்லாம் நமக்கு வேண்டாம்.

ஆனாலும், “அடியுங்கள் அம்மா” என்றுதான் அவருக்கு எழுதியிருக்கிறேன். வீடு பார்க்க ஒருவரைப் புரோக்கர் அழைத்துவந்தால், வந்தவர் வீட்டுக்குள் நிற்பது பத்து நிமிஷம். ஹால் கிளிப்பச்சையிலும் படுக்கையறை கத்தரிப்பூ நிறத்திலும் இருந்தால், அந்தப் பத்து நிமிஷமும் பேச்சு சுவரைப் பற்றியே போகும். அடர் நிறத்தின் மேல் வெளிர் நிறம் ஏற பிரைமர் வேண்டும், கூடுதலாக ஒரு கோட்டிங்கும் வேண்டும் என்பது வருகிறவருக்கும் தெரியும். அந்தக் கூலியை மனசுக்குள் கணக்குப் போட்டு விலையில் குறைப்பார். சுவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் கண் ஜன்னலுக்குப் போகும். காற்று வருகிறதா, பீரோவை எங்கே வைக்கலாம் என்று யோசிப்பார். நமக்கு வேண்டியது அதுதான். (நம் ஊரில் பொதுவான கலர் என்பதற்கு இன்னொரு தேவையும் உண்டு. இரண்டு மூன்று நிறங்களைச் சேர்த்து அடித்தால் ஏதாவது ஒரு கட்சிக் கொடி வந்துவிடும்!)

அதற்காகப் பளீர் வெள்ளை வேண்டாம். மேற்கு வெயில் நேராக விழும் அறையில் அது கண்ணைக் கூச வைக்கும். விரல் பட்ட இடமெல்லாம் தெரியும். கூரைக்கு வெள்ளை, சுவருக்கு ஐவரியோ மிக மெல்லிய சந்தன நிறமோ போதும். ஷேடு கார்டை மட்டும் நம்பாதீர்கள். சுவரிலேயே இரண்டடிக்கு இரண்டடி அடித்துக் காலையில் ஒரு தரம், ராத்திரி விளக்கைப் போட்டு ஒரு தரம் பாருங்கள். மஞ்சள் வெளிச்சத்தில் இதமாகத் தெரிந்த கிரீம், 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி. டியூப்பின் கீழ் வெளிறிப்போய் நிற்கும். பழைய டிஸ்டெம்பர் சுவராக இருந்தால், பொடியாக உதிர்வதைச் சுரண்டி எடுத்து, ஆணி ஓட்டைகளுக்குப் பட்டி பார்த்து, பிரைமர் அடித்த பிறகுதான் எமல்ஷன். அவசரப்பட்டால் புதுப் பெயிண்ட் தோலாக உரிந்துவரும்.

தரையைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். பழைய வீடுகளின் ரெட் ஆக்சைடு தரையையும், மொசைக்கையும், ஆத்தங்குடிக் கல்லையும் ‘பழசு’ என்று வெட்கப்பட்டு வினைல் ஷீட்டால் மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இன்று புதிதாகப் போட நினைத்தால் அந்த வேலை தெரிந்த ஆளைத் தேடி அலைய வேண்டும். நன்றாகத் துடைத்து, பாலிஷ் போட முடிந்தால் போட்டு விட்டுவிடுங்கள். சுவரை அடக்கமாக வைக்கச் சொல்வதில் பாதிக் காரணம், இப்படிப்பட்ட தரை எடுத்துக்காட்டட்டும் என்பதுதான்.

பூஜை அலமாரியை என்ன செய்வது என்றும் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார். வாங்க வருகிறவர் எந்த மதமோ, எந்த வழக்கமோ. ஆனால் குடியிருக்கிற வீட்டில் விளக்கேற்றுவதை யாருக்காகவும் நிறுத்த வேண்டியதில்லை என்பது என் எண்ணம். கல்யாண ஆல்பத்தையே பிரித்து மாட்டியதுபோல ஹால் முழுக்க இருக்கும் போட்டோக்களையும், ஆணிக்கு ஒன்றாகத் தொங்கும் போன வருஷக் காலண்டர்களையும் கழற்றினால் போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன். ஓதம் ஏறி உப்புப் பூத்த சுவரை ஐவரியால் மறைக்காதீர்கள். கசிவு மாடிவீட்டுக் குளியலறையிலிருந்தா, மொட்டை மாடியிலிருந்தா, குழாயிலிருந்தா என்று கண்டுபிடித்து முதலில் அதை அடைக்க வேண்டும். பூச்சைக் கொத்திப் புதிதாகப் பூசினால் அது காய ஏறக்குறைய ஒரு மாதம் விட வேண்டும். ஆடியில் தொடங்கச் சொல்வது அதனால்தான். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் எந்தச் சுவரும் காயாது. மூடி மறைத்த கசிவும் அப்போது தானாகவே வெளியே வரும். இது வெறும் மனசாட்சி விவகாரமும் இல்லை. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55ஆவது பிரிவு, வாங்குகிறவர் சாதாரணமாகக் கவனித்துப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை விற்கிறவருக்குத் தெரிந்திருந்தால், அதை அவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. சொல்லாமல் விடுவதை மோசடி என்றே அந்தச் சட்டம் குறிக்கிறது.

கசிவைச் சரிசெய்ததற்கான பில்லைப் பத்திர நகல்களோடு சேர்த்து வைத்திருங்கள். வருகிறவர் கேட்பதற்கு முன்பே எடுத்துக் காட்டலாம். தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா பற்றி வந்திருக்கும் கேள்விகளை அடுத்த இதழுக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்