ஆற்றுப்படுத்தியவன் பெயர் என்ன?

பாலைநிலத் தேசியப் பூங்காக்களினூடே தோழனோடு காரில் சுற்றிவந்த கதை, அமெரிக்கப் பயண எழுத்து உலகுக்குத் தந்த ஒரு வார்ப்பு. இருவர், ஒரு வண்டி, முடிவற்ற சாலை, ஆளரவமற்ற நிலம். அந்த நிலத்தில் மூன்றாமவருக்கு இடமில்லை; இருந்தாலும் அவர் எரிபொருள் நிரப்புபவராகவோ தேநீர் தருபவராகவோ வந்து மறைய வேண்டும். இந்த வார்ப்பு தமிழ், மலையாளப் பயணக் கட்டுரைகளோடு நிற்காமல், பல்கலைக்கழகக் களப்பணி அறிக்கைகளுக்குள்ளும் குடியேறிவிட்டது. அதைக் கண்டிக்க வேண்டியவர்களே அதைப் பயில்கிறார்கள்.

வார்ப்பு பிறந்த மண்ணில் நடந்ததை முதலில் காணலாம். கலிபோர்னியாவின் ‘டெத் வேலி’க்குச் சாவின் பெயரை இட்டவர்கள் 1849இல் தங்கவயல்களுக்குப் போகும் வழியில் அங்கே சிக்கித் தவித்த வேற்றூரார். அதே பள்ளத்தாக்கில் டிம்பிஷா ஷோஷோனி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்தனர். அவர்களுக்கு அது சாவின் நிலமன்று. செங்காவி கிடைக்கும் நிலம். ஆயினும் வழி தெரியாதவன் இட்ட பெயரே வரைபடத்தில் நின்றது. 1994இல் தேசியப் பூங்காவான அந்நிலப்பகுதியில், அம்மக்கள் ஏறத்தாழ 7,500 ஏக்கரைச் சட்டத்தின் வழியே மீட்டது 2000இல்தான். நம் ஜெய்சல்மேர்ப் பாலையில் 1980இல் அமைந்த தேசியப் பூங்கா 3,162 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அதன் எல்லைக்குள் ஊர்கள் பல உண்டு. பயணப் படங்களிலோ கானமயில் உண்டு, மணல்மேடு உண்டு, ஊர் இல்லை.

திருவனந்தபுரம் மாவட்டத்துக் கல்லாறு பாலைக்கு நேர் எதிரான ஈரநிலம். விதுரையைக் கடந்து பொன்முடிக்கு ஏறும் சாலை இதன் வழியே செல்கிறது. மேலே 22 கொண்டை ஊசி வளைவுகள். கல்லும் நீரும் அருவியும் மூடுபனியும் ஆயிரம் காணொளிகளில் பதிவாகிவிட்டன. அக்காணொளிகளைப் பார்ப்பவர் எவரும் இக்காட்டில் காணிகள் வாழ்கின்றனர் என்று ஊகிக்கவே முடியாது. இதே கல்லாற்றுக் காட்டில் வாழ்பவர்தான் 2018இல் பத்மஸ்ரீ பெற்ற இலட்சுமிக்குட்டி. நூற்றுக்கணக்கான மருந்துகளை ஏடின்றி நினைவில் வைத்திருப்பவர், பாடல் புனைபவர், மகனைக் காட்டு யானைக்குப் பறிகொடுத்தவர். அவர் குடிசைக்கு 1952இல் அனுமதிக்கப்பட்ட சாலை விருது அறிவிக்கப்பட்டபோதும் போடப்படவில்லை என்று செய்தித்தாள்கள் எழுதின. காட்சி பார்க்கப் போகிறவனுக்கு 22 வளைவுகளில் தார். காட்டை அறிந்தவளுக்கு ஒற்றையடிப் பாதை. பயணக் கட்டுரையின் இலக்கணத்தைப் பொதுப்பணித் துறையும் கற்றுவைத்திருக்கிறது போலும்!

இதில் ஆய்வாளர்களுக்கு என்ன பங்கு என்று கேட்பவர்கள், இதே மலைத்தொடரில் 1987 டிசம்பரில் நடந்ததை நினைக்க வேண்டும். தாவரவியலாளர் பி. புஷ்பாங்கதன் தலைமையிலான குழு அகத்தியமலைப் பகுதியில் நடந்தது. வழித்துணையாக வந்த காணிகள் ஏதோ சிறு காய்களைத் தின்றபடி களைப்பின்றி ஏறினர்; களைத்த அறிவியலாளர்களுக்கும் கொடுத்தனர். அது என்னவென்று சொல்ல முதலில் தயங்கியவர்கள் பின்னரே காட்டிக்கொடுத்தனர். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோடு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அதிலிருந்து ‘ஜீவனி’யை உருவாக்கியது. உற்பத்தி உரிமம் கோவை நிறுவனம் ஒன்றுக்கு 10 இலட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் 2 விழுக்காட்டுக்கும் தரப்பட்டது. அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவாயிற்று. அதற்கான அறக்கட்டளை 1997இல் பதிவாயிற்று. உலகமே மேற்கோள் காட்டும் முன்மாதிரி இது.

ஆனால் வரிசையைக் கவனிக்க வேண்டும். சொன்னது 1987, உரிமம் 1990களின் நடுவில், பணத்தைப் பெற்றுக்கொள்ள ஓர் அமைப்பு உருவானது 1997. அறிவைக் கொடுத்தவர்களிடம் கேட்பது எப்போதும் கடைசிப் படி. பரம்பரை மருத்துவர்கள் சிலர் இந்த விற்பனையை எதிர்த்ததும் பதிவில் உண்டு. முன்மாதிரி பேசும் கட்டுரைகள் அதை ஓர் அடிக்குறிப்புக்குள் அடக்கிவிடும். ஆயினும் இந்த நிகழ்வில் ஒன்று நேர்ந்தது. பணம் வந்ததால் பெயர் வந்தது. மல்லன் காணி, குட்டிமாத்தன் காணி என்று வழித்துணைவர்களை இன்று மேற்கோள் காட்ட முடிகிறது. பணம் வராத ஆய்வுகளில் அவர்கள் என்னவாகிறார்கள்?

‘தகவலாளி’ ஆகிறார்கள். மொழியியல் துறை இந்தச் சொல்லால் கட்டப்பட்டது. காணிகள் தம் பேச்சை மலம்பாஷை என்கின்றனர். தமிழறிஞர் அதைத் தமிழின் கிளை என்பார், மலையாள அறிஞர் மலையாளத்தின் கிளை என்பார். பேசுபவரை ஒருவரும் கேட்பதில்லை. ஆய்வேட்டில் அவர் ‘த.1, ஆண், 60’. அவர் தந்த வினைமுற்றுக்கு ஆறு பக்க விளக்கம். அவருக்கு நன்றியுரையில் ‘காணி மக்கள்’ என்ற பன்மை. மழையில் தனக்காகக் காத்திருந்த ஓட்டுநரின் பெயரைக்கூட எழுதிய கைகளே இப்படி எழுதுகின்றன.

பெயர் மறைப்பது ஆய்வறம் என்று விடை வரும். அந்த விதி, பெயர் வெளியானால் தீங்கு நேரக்கூடியவரைக் காக்க எழுந்தது. தன் பாட்டையும் மருந்தையும் சொல்லையும் தந்தவரிடமிருந்து ஆக்கியோன் என்ற தகுதியைப் பறிக்க அன்று. மறைப்பதா வெளியிடுவதா என்பதை அவரிடமே கேட்கலாம். மரபறிவின்மேல் சமூகத்திற்கு உள்ள அறிவுசார் உரிமையை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமே ஏற்கிறது. ஆய்வேட்டுக் குழுக்கள் மேற்கோள் நடை பிழைத்தால் ஏட்டைத் திருப்பி அனுப்புகின்றன. ஒப்புதல் எங்கே, ஒலிப்பதிவின் படி ஊருக்குத் திரும்பிப் போனதா என்று கேட்டு எத்தனை ஏடுகளைத் திருப்பியிருக்கின்றன?

தமிழுக்கு இது புதிதாகச் சொல்லப்பட வேண்டியதும் அன்று. சங்கப் பாலையில் உடன்போகும் இருவர் உண்டு. அவர்களை எதிர்ப்படும் கண்டோருக்கும் கூற்று உண்டு. எயினரும் மறவரும் இன்றிப் பாலை இல்லை. (அவர்களை வழிப்பறி செய்பவராகவே காட்டியது வேறு வழக்கு, அதையும் ஒருநாள் பேச வேண்டும்.) ஆற்றுப்படையிலோ வழி அறிந்தவனே பேசுகிறான், போகிறவன் கேட்கிறான். இன்றைய களப்பணி அறிக்கை இதைத் தலைகீழாக்கியது: போனவன் பேசுகிறான், வழி அறிந்தவன் எண்ணாகிறான்.

ஆரோக்கியப்பச்சையின் அறிவியல் பெயர் டிரைக்கோபஸ் சைலானிகஸ், உட்சிற்றினம் ட்ராவன்கோரிகஸ். அப்பெயரில் இலங்கை இருக்கிறது, திருவிதாங்கூர் இருக்கிறது. காணி இல்லை.