எங்க ஏரியா அக்காக்களுக்கு ஒரு வேண்டுகோள்

எங்க எண்ணூர்ல ரசிகர் மன்றம், மீனவர் சங்கம், மகளிர் சுயஉதவிக் குழு எல்லாம் உண்டு. ஆனா ஒரு பொண்ணு இன்னொரு பொண்ணை விரும்பினா, மனசுவிட்டுப் பேச எங்கே போவா? ஓரினம், சகோதரன் மாதிரி அமைப்புகள் சென்னையிலேயே இருக்குன்னு அவளுக்கு யார் சொல்வா?

மதுரையிலிருந்து ஓடிவந்த இரண்டு பெண்களுக்குச் சென்னையில் கைகொடுத்தது இப்படிப்பட்ட தொண்டு அமைப்புகள்தான். பெத்தவங்க 'காணோம்'னு புகார் கொடுத்தாங்க. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் போச்சு. வயசு வந்தவங்க, விருப்பப்பட்டுதான் சேர்ந்திருக்காங்கன்னு தெரிஞ்சா போலீஸ் புகாரை முடிச்சுடணும், தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு 2021 ஜூனில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவு போட்டார்.

தெருவுக்கு இது இன்னும் வரலைங்க. நாம முதல்ல ஸ்டேஷனுக்குத்தான் ஓடுறோம். குழு அக்காக்களே, லோன் கேட்டு வர்றவளை உட்காரவைக்கிற அதே பாயில இவளையும் உட்காரவையுங்க. அவ சொல்றதை வெளியே சொல்லாதீங்க. அது போதும், அவ உசுரோட இருப்பா.