பிரேக் பைப்புக்கு ஒட்டுப் போடலாமா?

கெலவரப்பள்ளி என்றதும் பலருக்கும் அணையைவிட நுரைதான் முதலில் ஞாபகத்துக்கு வரும். பெங்களூரின் கழிவைச் சுமந்து வரும் தென்பெண்ணை, மதகைத் தாண்டியதும் வெள்ளை வெள்ளையாகப் பொங்கும். காற்றடித்தால் சாலைக்கும் வயலுக்கும் பறக்கும். இந்தப் பக்கம் ஜிப்ஸி, பழைய மஹிந்திரா ஜீப் வைத்திருப்பவர்கள் ஏரிக்கரை, ஓடை, அஞ்செட்டி மலைப்பாதை என்று வண்டியை இறக்காத இடமில்லை. வீட்டுக்கு வந்ததும் மேலே தண்ணீர் பீய்ச்சி அடித்துப் பளபளப்பாக்குவார்கள். அடியில் குனிந்து பார்க்கிறவர் எத்தனை பேர்?

அங்கேதான் பிரேக் பைப் இருக்கிறது. பெரும்பாலும் 4.75 மி.மீ. தடிமனுள்ள இரும்புக் குழாய். பானெட்டுக்குள் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து புறப்பட்டு, சேஸிஸ் ஓரமாக ஓடி, பெட்ரோல் டேங்க் பக்கம் நுழைந்து, பின் அச்சுக்குப் போகிறது. கிளிப் பிடித்திருக்கும் இடத்தில் சேறு அடைத்துக்கொள்ளும். மேலே காய்ந்தாலும் உள்ளே ஈரம் வாரக்கணக்கில் நிற்கும். துரு அங்கேதான் ஆரம்பம்! 15 வருடம் முடிந்த வண்டியை எஃப்.சி.க்குக் கொண்டுபோகும் முன் அடிப்பாகம் முழுக்கக் கறுப்புப் பெயிண்ட் அடிக்கும் வழக்கம் வேறு இருக்கிறது. துரு போகாது, கண்ணுக்கு மட்டும் மறையும்.

பி.காம். படிப்பவர்களுக்குத் தேய்மானம் தெரியும். வருமான வரிக் கணக்கில், தொழிலுக்கு ஓடும் காருக்கு ஆண்டுக்கு 15 சதவீதம் என்று படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வரலாம். பிரேக் பைப் அப்படித் தேய்வதில்லை. நேற்று வரை முழு மதிப்பு, இன்று மலை இறக்கத்தில் அழுத்தி மிதித்த அந்த ஒரு நொடியில் பூஜ்யம். அழுத்தி மிதிக்கும்போதுதான் உள்ளே அழுத்தம் அதிகம். அதனால் பைப் வெடிப்பதும் பிரேக் மிக அவசியமான நேரத்தில்தான்! பிந்தைய வண்டிகளில் இரண்டு தனித்தனிச் சுற்றுகள் உண்டு, ஒன்று போனாலும் பாதி பிரேக் மிஞ்சும். பழைய ஜீப்கள் பலவற்றில் ஒரே சுற்றுதான். ஒரு ஓட்டை, நான்கு சக்கரமும் காலி.

இந்த பைப்பை வீட்டிலேயே மாற்றலாமா என்பதுதான் கேள்வி. "பிரேக் விஷயம், மெக்கானிக்கிடம் விட்டுவிடு" என்பார்கள் பெரியவர்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் முழுக்கச் சரியில்லை. ஆபத்து வீட்டில் செய்வதில் இல்லை, எட்டாத இடத்தை விட்டுவிட்டு எட்டுகிற இடத்தை மட்டும் மாற்றுவதில் இருக்கிறது. பேரம் பேசினால் ஒர்க்‌ஷாப்பிலும் அதே ஒட்டு வேலைதான் நடக்கும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது புரியும். பைப்பின் விலை பெரிய தொகை இல்லை. செலவெல்லாம் டேங்கை இறக்குவது, துருப்பிடித்து இறுகிய நட்டைக் கழற்றுவது என்று கூலியில்தான். அதனால் நடுவில் வெட்டி, ஒரு கம்ப்ரஷன் ஜாயின்ட் போட்டு இணைத்துவிடத் தோன்றும். தண்ணீர்க் குழாய்க்குச் சரி, பிரேக் அழுத்தத்துக்கு அந்த ஜாயின்ட் ஆகாது. மிச்சப்படுவது அரை நாள் வேலை. வண்டியில் இருப்பதோ பழைய பைப்பின் மிக மோசமான பகுதி.

அமெரிக்காவில் இதே பிரச்சினை பெரிதாக வெடித்தது. பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பால், 1999 முதல் 2003 வரையிலான ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப் வண்டிகளில் பிரேக் பைப் அரித்து உடைந்தது. அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு சுமார் 50 லட்சம் வண்டிகளைப் பற்றி விசாரித்து, 2015 ஏப்ரலில் ரீகால் இல்லாமலே முடித்துக்கொண்டது. உரிமையாளர்களுக்கு அது சொன்னது: அடிப்பாகத்தைக் கழுவுங்கள், பைப்பைச் சோதியுங்கள், கடுமையாக அரித்திருந்தால் மொத்தமாக மாற்றுங்கள். வண்டி வாங்கியவன் தலையிலேயே செலவைக் கட்டியது நியாயமா என்று கேட்கலாம். ஆனால் மொத்தமாக மாற்று என்ற அறிவுரையில் குறை சொல்ல முடியாது.

மாற்றும் வேலையில் பொறுமைதான் முக்கியம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது, ஸ்டாண்டு வேண்டும். யூனியன் நட்டுக்கு முந்தின நாளே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊற விட வேண்டும். சாதாரண ஸ்பேனர் போட்டால் நட்டின் முனை மழுங்கிவிடும், அதற்கென்றே ஃப்ளேர் நட் ஸ்பேனர் இருக்கிறது. பழைய பைப் முழுசாக வந்தால் அதுவே அளவு. வராவிட்டால் கட்டுக்கம்பியை அதே வழியில் வளைத்து அளவெடுக்கலாம். டேங்குக்கு மேலே கை போகவில்லையா? ஒன்று டேங்கைக் காலி செய்து இறக்க வேண்டும், இல்லையென்றால் சேஸிஸ் ஓரமாகவே புது வழி பார்க்க வேண்டும். சைலன்ஸர் சூடும், சுற்றுகிற ஷாஃப்டும், அச்சு ஏறி இறங்கும் இடமும் படாத வழியாக இருக்க வேண்டும், வழி நெடுக கிளிப் வேண்டும்.

ஃப்ரிட்ஜ் கடையில் கிடைக்கும் செம்புக் குழாய் சுலபமாக வளையும் என்று சிலர் அதைப் போடுகிறார்கள். வேண்டாம், அதிர்வில் இறுகி விரிசல் விடும். செம்பும் நிக்கலும் கலந்த பைப் வேறு, அதை வோல்வோ 1976-லேயே கார்களில் போட ஆரம்பித்தது. வளைக்கவும் எளிது, துருவும் பிடிக்காது. முனையை இரட்டை ஃப்ளேராக மடிக்க வேண்டும். அந்தக் கருவியோ பழக்கமோ இல்லாதவர்கள் அளவைக் கொடுத்து, முனை மடித்த பைப்பாக வாங்கிக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

பிரேக் ஆயில் என்ற பெயரே ஒரு வம்பு. அது ஆயிலே இல்லை! ஆயில்தானே என்று இன்ஜின் ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பரெல்லாம் ஊதிப்போகும். டாட் 3 அல்லது டாட் 4, மூடியில் எழுதியிருப்பதைப் பார்த்து ஊற்ற வேண்டும். காற்றிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சும். டாட் 3-இன் கொதிநிலை 205 டிகிரியிலிருந்து 140 வரை இறங்கிவிடும் என்பதால் திறந்து வைத்த பழைய டப்பா கூடாது.

ஏர் எடுக்க இரண்டு பேர் தேவை. ஒருவர் மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். குமிழி நின்றபின் இன்ஜினை ஓடவிட்டு, பெடலை ஒரு நிமிடம் அழுத்தியே பிடித்துப் பார்க்க வேண்டும். மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது. இறங்காவிட்டாலும் ஒவ்வொரு நட்டையும் காகிதத்தால் துடைத்துப் பார்த்துவிட்டு, முதல் ஓட்டம் ஆளில்லாத சமதரையில், நடை வேகத்தில். அஞ்செட்டி இறக்கம் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.