காரின் நெற்றிக்கு ஒரு கவசம்



அவர் விட்டுச்சென்ற ஒஸ்ரின் ஏ40 கார்தான் எங்கள் வீட்டுச் சோறு. 1990இல் பொருளாதாரத் தடை வந்தபின், சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓடிய கார் அது. இன்று கலியாண வீடுகளுக்கு நானே வாடகைக்கு ஓடுகிறேன். பெயின்ற் மங்கினால் யாரும் கூப்பிடமாட்டார்கள்.

மாரி இரவுகளில் ஈசலும் பூச்சியும் பொனற்றில் அடிபட்டு அப்பிவிடும். மறுநாள் வெயிலில் அவற்றின் சாறு காய்ந்து பெயின்ற்றை அரிக்கும். அந்த இடத்தில் உப்புக்காற்றுப் பட்டால் துருதான்.

"அக்கா, முன் விளிம்பிலை பிளாஸ்ரிக் தடுப்பு ஒண்டு பூட்டுவம். காத்து மேலை எழும்பேக்கை பூச்சியும் அதோடை போயிடும். ஆனா மெதுவா ஓடினா பலன் குறைவு" என்றான் கராஜ் தம்பி.

பூட்டினோம். பூச்சி குறைந்தது. தீவுப்பகுதிக்குப் பண்ணைப் பாலத்தால் பலமுறை போய்வந்தேன். ஒரு மாதம் கழித்துக் கழற்றிப் பார்த்தால், அடியில் உப்பீரமும் மணலும்! தடுப்பு அதிர அதிர, அந்த மணலே பெயின்ற்றைத் தேய்த்திருந்தது. என் கண் கலங்கிவிட்டது.

இப்போது பொனற்றைக் கழுவி, நன்றாக உலர்த்தியபின்தான் தடுப்பைப் பூட்டுகிறேன். தொடும் இடங்களில் மெல்லிய இறப்பர் வைக்கிறேன். மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவுகிறேன். பூச்சிக்கறையைச் சுரண்டுவதில்லை, ஈரத்துணி போட்டு ஊறவைத்துத் துடைக்கிறேன்.

சகோதரிகளே, தையல் மெசினோ, மோட்டார் சைக்கிளோ, பிழைப்புத் தரும் பொருளை மூடிவைத்தால் மட்டும் போதாது. மூடியின் கீழேயும் இடைக்கிடை பாருங்கள்.