எந்த மணிக்கு ஓடுவது?

கார்த்திகைக்கு அகல் வாங்க விருத்தாசலம் போயிருந்தேன். என் நாத்தனார் அந்த ஊரில் இருக்கிறாள். பழமலைநாதர் தரிசனம் ஒரு காரியம், பீங்கான் அகல் இன்னொரு காரியம் என்று எண்ணித்தான் ரயிலேறினேன். மூன்றாவதாக ஒரு விஷயம் தானாக வந்து சேர்ந்தது. அதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

அதற்கு முன்னால் உங்கள் சமையலறைக்குக் கொஞ்சம் போய் வருவோம். காலை ஏழே கால் மணி. குக்கர் விசிலடிக்கிறது. பால் குக்கர் கூவுகிறது. சலவை யந்திரம் வேலை முடிந்தது என்று 'பீப் பீப்' என்கிறது. ஃபிரிஜ்ஜின் கதவைச் சரியாக மூடவில்லை என்று அது வேறு முனகுகிறது. வாசலில் அழைப்பு மணி. மேஜை மேல் கைப்பேசி. நீங்கள் எதற்கு ஓடுவீர்கள்? பாலுக்குத்தான், சந்தேகமே இல்லை. பால் அரை நிமிஷம் பொறுக்காது. துணி அரை நாள் பொறுக்கும். இந்தக் கணக்கை நமக்கு யாரும் வகுப்பு வைத்துச் சொல்லித் தரவில்லை.

ஆனால் அந்த ஆறு சத்தமும் ஒரே சுருதியில், ஒரே பலத்தில் ஒலித்தால்? ஆறுக்குப் பதில் அறுபது ஒலித்தால்?

நாத்தனார் என்னை ஒரு சிறிய பட்டறைக்கு அழைத்துப் போனாள். அம்மாவும் பிள்ளையுமாக நடத்துகிறார்கள். பிளாஸ்டர் அச்சுகளில் களிமண் கூழை ஊற்றிப் பொம்மைகள் வார்க்கிறார்கள்; அகல்களும் செய்கிறார்கள். கொல்லைப்புறத்தில் காஸில் எரியும் சூளை. பக்கத்துச் சுவரில் உஷ்ணம் காட்டும் ஒரு பெட்டி. அதில் ஒரு மணி. மணியின் வாயில் பழைய துணிக் கிழிசல் ஒன்று தொங்கிக் கொண்டிருந்தது.

"இது எதற்கு அம்மா?" என்று கேட்டேன்.

அந்த அம்மாள் சற்று வெட்கத்துடன் சிரித்தார். "அதை ஞாபகத்துக்காக விட்டு வைத்திருக்கிறோம், அம்மா" என்றார்.

கதை இதுதான். உஷ்ணம் குறைந்தாலும் மணி அடிக்கும், மிஞ்சினாலும் அடிக்கும். இரண்டுக்கும் ஒரே மணி. சூளையைப் பற்ற வைக்கும்போது அது குளிர்ந்துதானே இருக்கும்? ஆகவே பற்ற வைத்த நிமிஷத்திலிருந்து, வேண்டிய சூடு ஏறும் வரையில், மணிக்கணக்கில் அலறிக் கொண்டே இருக்கும். யார் தாங்குவார்கள்? வேலைக்காரப் பையன் துணியை அடைத்து விட்டான். யாரும் அவனைக் கோபிக்கவில்லை. 'அப்பாடா' என்றுதான் இருந்தார்களாம். பல மாதம் ஒரு குறைவுமில்லை. ஒரு நாள் ராத்திரி காஸ் வால்வு திறந்தபடியே சிக்கிக் கொண்டது. உஷ்ணம் ஏறிக் கொண்டே போயிற்று. மணி அடித்திருக்கிறது, பாவம். துணிக்குள்ளேயே அடித்து ஓய்ந்து விட்டது. விடிந்து பார்த்தால் சூளை நிறைய விளக்கு ஒன்றோடொன்று உருகி ஒட்டிக் கிடக்கிறது. கார்த்திகைக்குப் பத்து நாள்! கடன் வாங்கி முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம் என்று சொல்லும்போது அந்த அம்மாளின் குரல் கொஞ்சம் இறங்கிற்று.

இந்த மாதிரி மணிகள் இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்? சூளையின் சிறு துவாரம் வழியாக நெருப்பின் நிறத்தைப் பார்த்தே சொல்லும் கிழவர்கள் இருந்தார்கள். ஜெர்மனியில் ஹெர்மன் ஸேகர் என்பவர் 1886-ல் மண் கூம்புகளைச் செய்தார். ஒவ்வொரு கூம்பும் ஒவ்வொரு சூட்டில் தலை சாயும். மூன்றை வரிசையாக நிற்க வைப்பார்கள். முதல் கூம்பு சாய்ந்தால் 'தயாராய் இரு' என்று அர்த்தம். நடுக்கூம்பு சாய்ந்தால் 'நெருப்பை நிறுத்து'. மூன்றாவதும் சாய்ந்து விட்டால் சூடு மிஞ்சிப் போயிற்று. மூன்றே சேதி, மூன்றுக்கும் வேறு வேறு காரியம். இதைவிட நேர்த்தியான அலாரம் எனக்குத் தெரியவில்லை.

பெரிய தொழிற்சாலைகளில் முன்பெல்லாம் ஒரு எச்சரிக்கை மணி வைக்க வேண்டுமானால் கம்பி இழுக்க வேண்டும், விளக்குப் பொருத்த வேண்டும், பலகையில் இடம் தேட வேண்டும். செலவு அதிகம். ஆகையால் இஞ்சினீயர்கள் மூன்று தரம் யோசித்தே ஒன்று வைத்தார்கள். கம்ப்யூட்டர் வந்ததும் விரலால் தட்டினால் ஒரு அலாரம் என்றாகி விட்டது. இலவசமாகக் கிடைத்தால் நாம் மட்டும் விடுவோமா? 'எதற்கும் இருக்கட்டும்' என்று வைத்து வைத்து, ஒரே ஆலையில் ஆயிரக்கணக்கில் சேர்ந்து போயின.

விளைவு வேல்ஸ் நாட்டில் மில்ஃபோர்டு ஹேவன் என்ற துறைமுக ஊரில் தெரிந்தது. 1994 ஜூலை 24, ஞாயிற்றுக்கிழமை. டெக்ஸாகோ எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் காலையில் இடியும் மின்னலுமாக வந்து ஒரு பகுதி தீப்பற்றியது. மற்றப் பகுதிகளும் தடுமாறின. மூடிக் கிடந்த ஒரு வால்வை, திறந்திருப்பதாகத் திரை காட்டிற்று. உள்ளே திரவம் வந்து கொண்டே இருக்கிறது, வெளியேற வழியில்லை. மணிகள் அடிக்க ஆரம்பித்தன. கடைசிப் பதினோரு நிமிஷத்தில் மட்டும் 275 அலாரங்கள்! பார்த்துக் கொண்டிருந்தவர்கள் இரண்டே பேர். இரண்டு மூன்று விநாடிக்கு ஒன்று வந்தால் மனிதன் எதைப் படிப்பான், எதை யோசிப்பான்? அமுக்கி அமுக்கி வாயை மூடத்தான் முடியும். மத்தியானம் 1 மணி 23 நிமிஷத்துக்கு ஆலை வெடித்தது. 26 பேருக்குக் காயம். விடுமுறை நாளாக இருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. 1979-ல் அமெரிக்காவில் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தபோதும் முதல் சில நிமிஷத்திலேயே நூற்றுக்கு மேல் மணிகள் அடித்தன. பாடம் புதிதல்ல, படித்துக் கொள்ளத்தான் நாளாயிற்று.

1999-ல் பிரிட்டனில் இதற்கென்றே ஒரு வழிகாட்டிப் புத்தகம் வெளியிட்டார்கள். சாதாரண வேளையில் ஒருவருக்குப் பத்து நிமிஷத்துக்கு ஒரு அலாரம் போதும் என்கிறது அது. இந்த வேலைக்காகத் தனி மென்பொருள்களும் வந்திருக்கின்றன. அவை செய்வது மந்திரமல்ல. எந்த மணி எத்தனை தரம் அடித்தது என்று கணக்கெடுக்கும். பெரும்பாலான கூச்சலுக்கு விரல் விட்டு எண்ணக் கூடிய சில மணிகளே காரணம் என்று அநேகமாய்த் தெரிய வரும். (கூட்டுக் குடும்பத்தில் இருந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது!) நின்று போன யந்திரத்தின் மணியை அடக்கி வைக்கும். ஓயாமல் நச்சரிக்கும் மணியைக் குறிப்பிட்ட நேரம் ஒதுக்கி வைத்து, நேரம் தீர்ந்ததும் தானே திரும்பக் கொண்டு வரும். துணிக் கிழிசலுக்கு இந்தப் புத்தி கிடையாது. யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பதையும் எழுதி வைக்கும்.

ஆனால் முக்கியமான வேலையை மனிதர்கள்தான் உட்கார்ந்து செய்ய வேண்டும். ஒவ்வொரு மணியாக எடுத்து, 'இது அடித்தால் என்ன செய்வாய்? செய்ய எவ்வளவு நேரம் இருக்கிறது?' என்று ஷிப்டில் நிற்பவனையே கேட்க வேண்டும். 'ஒன்றும் செய்ய மாட்டேன்' என்றால் அது அலாரமே அல்ல; நோட்டில் குறித்தால் போதும். இப்படிக் கேட்காமல் மென்பொருளை மட்டும் வாங்கி வைக்கும் முதலாளிக்கு அழகான பட்டியல் ஒன்று கிடைக்கும், அவ்வளவுதான்.

நாத்தனார் வீட்டு மாடியில் இருப்பவருக்குப் பக்கத்து நெய்வேலியில் அனல் மின் நிலையத்தில் ஷிப்ட் வேலை. 2020 ஜூலை 1-ந் தேதி அங்கே இரண்டாம் அனல் மின் நிலையத்தில் பாய்லர் வெடித்து ஆறு பேர் அங்கேயே மாண்டார்கள். பிறகு ஆஸ்பத்திரியிலும் சிலர். அதன் காரணங்களைப் பற்றி நான் இங்கே பேச வரவில்லை. அன்று முதல், ராத்திரி ஷிப்ட் முடிந்து மாடிப் படியில் செருப்புச் சத்தம் கேட்கிற வரையில் அவர் மனைவி அடுப்பைப் பற்ற வைப்பதில்லை என்று நாத்தனார் சொன்னாள்.

பட்டறைக்காரப் பிள்ளை உள்ளூரிலேயே பீங்கான் தொழில் நுட்பம் படித்தவன். பெட்டியை மாற்றி விட்டான். சூளை ஒரு தரம் முழுச் சூட்டைத் தொடும் வரையில், 'குறைவு' மணி இப்போது வாய் திறக்காது. 'மிகுதி' மணிக்குத் தனிக் குரல். "ராத்திரி தூங்குகிறாயா?" என்று கேட்டேன். "இப்போதுதான் தூங்குகிறேன், அத்தை" என்றான்.

இரண்டு டஜன் அகல் வாங்கினேன். ஜன்னலோரத்தில் உருகி ஒட்டிப் போன ஜோடி அகல் ஒன்று இருந்தது. அதையும் கேட்டேன். "அதற்குப் போய் என்னம்மா விலை!" என்று காகிதத்தில் சுற்றிக் கொடுத்து விட்டார் அந்த அம்மாள். கார்த்திகையன்று அதிலும் எண்ணெய் விட்டுத் திரி போட்டேன். இரண்டு சுடரும் எரிந்தன, ஒன்று சற்றுச் சாய்வாக.