பித்தளைச் சிங்கத்தின் சாட்சியம்

கோடை முற்றிக் கண்மாய்கள் வற்றியதும் புதுக்கோட்டைச் சீமையில் மண்வெட்டிகளுக்கு வேலை பிறந்துவிடும். வண்டல் அள்ளும்போதும் புன்செய் உழும்போதும் மண்ணுக்குள்ளிருந்து பழம்பொருள்கள் தலைகாட்டுவது நம் நாட்டில் புதிதல்ல. கிடைத்தது காசாயிருந்தால் கவலையில்லை. ஒரு பக்கம் அம்மன் உருவமும் மறுபக்கம் 'விஜய' என்ற தெலுங்கு எழுத்தும் கொண்ட அம்மன் காசை இச்சீமையில் அறியாத பெரியவர்கள் சிலரே. ஆனால் கிடைத்தது ஒரு பித்தளைத் தகடு என்றும், அதன் பின்புறத்தில் கொக்கியும் முகப்பில் சிங்கமோ கிரீடமோ இருக்கின்றன என்றும் வைத்துக்கொள்வோம். சுற்றி நிற்கும் நாலு பேரில் ஒருவராவது, "இது கட்டபொம்மனைப் பிடிக்க வந்த கும்பினிச் சிப்பாயின் பெல்ட்டுப் பூட்டு!" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

அப்படிச் சொல்லத் தோன்றுவதற்குக் காரணம் இல்லாமலில்லை. 1799-ஆம் ஆண்டில் வீரபாண்டிய கட்டபொம்மன் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக் காட்டில் பிடிபட்டார். கும்பினியாரிடம் ஒப்புவிக்கப்பட்டு, அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். தொண்டைமான் செய்தது துரோகமா, சமஸ்தானத்தைக் காக்கும் தந்திரமா என்ற வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை. வழக்கு நடக்கட்டும். ஆனால் பொய்ச் சாட்சியைக் கூண்டில் ஏற்றலாகாது. தகட்டை விசாரிக்காமல் சரித்திரத்தில் சேர்ப்பது அத்தகைய காரியமே ஆகும்.

விசாரணையை எங்கே தொடங்குவது? முதலில் சின்னத்தைப் பாருங்கள். பின்னங்காலூன்றி நிமிர்ந்து நின்று, முன்னங்கால்களில் கிரீடம் ஏந்திய சிங்கம் கிழக்கிந்தியக் கும்பினியின் சின்னம். 1858-இல் ஆட்சி கும்பினியின் கையிலிருந்து விக்டோரியா மகாராணியின் கைக்கு மாறிற்று. ஆகையால் அந்தச் சிங்கம் பொறித்த ராணுவத் தகடு பெரும்பாலும் அதற்கு முற்பட்டது. அசோகத் தூணின் சிங்கங்கள் இருந்தாலோ, அது 1950-இல் நாம் குடியரசான பிறகு செய்தது. சிங்கம் என்ற பெயர் ஒன்றுதான். இரண்டுக்கும் இடையே ஒரு சுதந்திரப் போராட்டமே அடங்கியிருக்கிறது!

கிரீடம் மட்டும் தனியே இருந்தால் அதன் உச்சியைக் கவனிக்க வேண்டும். விக்டோரியா காலத்துக் கிரீடத்தின் வளைவுகள் உச்சியில் சற்றே உள்வாங்கியிருக்கும். 1901-க்குப் பின் வந்த அரசர்களின் கிரீடம் குவிமாடம்போல் எழும்பி நிற்கும். 'வி.ஆர்.ஐ.' என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் பின்னிக் கிடந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. கடைசி எழுத்து சக்கரவர்த்தினி என்ற பட்டத்தைக் குறிப்பது. அப்பட்டம் 1877 ஜனவரி முதல் தேதி டில்லி தர்பாரில் பறைசாற்றப்பட்டது. அத்தகைய தகடு கட்டபொம்மன் மறைந்து 78 ஆண்டுகள் சென்றபின் பிறந்தது. பிறக்குமுன் நடந்ததற்கு அது எப்படிச் சாட்சி சொல்லும்?

அடுத்தது பட்டாளத்தின் எண். 1903-இல் கிச்சனர் பிரபு இந்தியப் படைகளை மாற்றியமைத்தபோது, சென்னைக் காலாட்படைப் பட்டாளங்களின் பழைய எண்களோடு 60 கூட்டப்பட்டது. சென்னையின் 13-ஆவது பட்டாளம் 73-ஆவது கர்நாட்டிக் காலாட்படை ஆயிற்று. 1922-இல் அந்த எண்களும் மறைந்தன. ஆகவே 73 என்ற எண்ணும் கர்நாட்டிக் என்ற பெயரும் சேர்ந்து காணப்பட்டால், அந்தப் பூட்டு இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடைப்பட்டது என்று துணிந்து கூறலாம்.

மூன்றாவதாக, தகட்டைத் திருப்பிப் பாருங்கள். முகப்பைவிட முதுகு அதிகம் பேசும். பழைய சிப்பாயின் மார்பில் குறுக்கே சென்ற தோல் வாரிலும் ஒரு தகடு உண்டு. அதன் பின்னே வாரில் மாட்டுவதற்கான குமிழாணிகளும் கொக்கியும் இருக்கும். பிரிட்டிஷ் காலாட்படையில் அது 1850-களின் நடுவில் வழக்கொழிந்தது. இடுப்பு வாரின் பூட்டு வேறு. வட்டமும் வளையமுமாக இரண்டு துண்டுகள் ஒன்றனுள் ஒன்று மாட்டிக்கொள்வது அதன் வழக்கமான அமைப்பு. பாம்புபோல் வளைந்த கொக்கியைக் கண்டதும் பட்டாளம் என்று எண்ணிவிட வேண்டாம். சீமைப் பள்ளிச் சிறுவர்களும் கிரிக்கெட் ஆடியவர்களும்கூட அதை அணிந்ததுண்டு.

இன்னொரு பொருளையும் மறத்தலாகாது. கச்சேரிச் சேவகரின் டவாலியில் மின்னிய வில்லையைப் பற்றி வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அதுவும் பித்தளைதான், அதிலும் கிரீடம் இருக்கக்கூடும். ஆனால் ஆபீசின் பெயர் அதில் எழுதியிருக்கும். அதை அணிந்தவர் துப்பாக்கி சுமந்தவரல்லர். காகிதக் கட்டைச் சுமந்தவர். அவரைப் போர்க்களத்துக்கு அனுப்புவது நியாயமாகாது.

இவ்வளவும் தெரிய வேண்டுமானால் தகட்டின் மேல் எழுத்து மிஞ்சியிருக்க வேண்டுமல்லவா? இங்கேதான் நம் வீடுகளில் பெரும் பிழை நேர்கிறது. பித்தளை என்றதும் புளி எடுக்கக் கை நீள்கிறது. குத்துவிளக்குக்குப் புளி போடுங்கள், பழந்தகட்டுக்கு வேண்டாம். மேலே படிந்த பச்சைக் களிம்போடு மெல்லிய பொறிப்பும் தேய்ந்து போகும். தண்ணீரில் நனைத்த மெல்லிய தூரிகையால் மண்ணை நீக்கி, நிழலில் உலர்த்துவதே போதும். பிறகு இருபுறமும் அளவுகோலோடு படம் எடுத்து, எந்த ஊர், எந்த நிலம், எவ்வளவு ஆழம், உடன் என்ன கிடைத்தது என்று எழுதி வையுங்கள்.

கிடைத்த இடம் தெரிவதால் என்ன பயன் என்று கேட்கலாம். 1898-இல் இதே சீமையில் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒருசேரக் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் முகத்தின்மேல் உளியால் வெட்டிய தழும்பு இருந்தது. ஒரு காசு மட்டும் கிடைத்திருந்தால், யாரோ சிறுவனின் விளையாட்டு என்று தள்ளியிருப்போம். புதையல் முழுதும் சேர்ந்து கணக்கில் வந்ததனால்தான், வெட்டியவர்கள் அதை வேண்டுமென்றே செய்தார்கள் என்பது விளங்கிற்று. ஊர் தெரிந்ததனால்தான் ரோமாபுரியின் பொன் புதுக்கோட்டை வரையில் வந்தது என்று நாம் பெருமை பேச முடிகிறது.

உலோகங்காட்டும் கருவியோடு பழம்பொருள் தேடிப் புறப்படும் இளைஞர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். திருமயம் கோட்டை போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். பூமிக்குள் புதைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின் விதி. தானாகக் கிடைத்ததைக் காட்டுவதற்குத் திருக்கோகர்ணத்தில் 1910-இல் தோன்றிய அரசாங்க அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே கொண்டுபோய்க் காட்டினால் சீமையின் சரித்திரத்தில் ஒரு வரி சேரும். பழைய இரும்புக் கடைக்குப் போனால் எடைக்கு எடை காசு வரும், வரி அழிந்துபோகும்.

இத்தனை விசாரணைக்குப் பின், தகடு உண்மையாகவே கும்பினிச் சிப்பாயினுடையது என்று தெரிந்தால்? அப்போதும் காறி உமிழ வேண்டியதில்லை. நெஞ்சு நிமிர்த்தவும் வேண்டியதில்லை. கும்பினியின் சென்னைப் படையில் சிப்பாய்களாய் நின்றவர்கள் பெரும்பாலும் இந்தத் தென்னாட்டு மக்களே. 1806 ஜூலை 10-ஆம் தேதி வேலூர்க் கோட்டையில் கும்பினியை எதிர்த்து எழுந்தவர்களும் அதே உடுப்பை அணிந்தவர்கள்தாம். புதுவகைத் தலைப்பாகையை அணியச் சொன்னதும், நெற்றிக் குறியையும் காதணியையும் விலக்கச் சொன்னதுமே அந்தத் தீக்குப் பொறி. மார்பில் யாருடைய சின்னம் இருந்தது என்பதைப் பித்தளை சொல்லும். அதன் அடியில் துடித்த நெஞ்சு யார் பக்கம் இருந்தது என்பதைச் சொல்லாது. சாட்சி சொன்ன அளவோடு நிறுத்திக்கொள்வதே நம் முன்னோருக்கு நாம் செய்யும் நீதி.