அளப்பதும் கேட்பதும்

குழந்தைகளுக்கான மருத்துவமனை அறையை வடிவமைக்க இன்று ஆய்வகங்களில் கருவிகளுக்குக் குறைவில்லை. இன்னும் கட்டப்படாத அறைக்குள் மெய்நிகர்க் கண்ணாடி அணிந்து நடந்து பார்க்கலாம். பார்வை எங்கே நிலைக்கிறது என்பதைக் கண்ணசைவுக் கருவி பதிவு செய்யும். தோலில் ஒட்டிய உணரி, வியர்வையின் மாற்றத்தைக் கொண்டு பதற்றத்தை மதிப்பிடும். இவை வேண்டாம் என்பதல்ல வாதம். கேட்க வேண்டிய இடத்தில் அளந்துவிட்டு, கேட்டதாகவே கணக்குக் காட்டும் ஆய்வுப் போக்குதான் கண்டனத்துக்குரியது.

இக்கருவிகளின் கவர்ச்சி எதில் இருக்கிறது? அவற்றுக்கு மொழி தேவையில்லை. தில்லியின் பெரிய அரசு மருத்துவமனை ஒன்றுக்கு வரும் குழந்தை மைதிலி பேசலாம், போஜ்புரி பேசலாம், சந்தாலியும் பேசலாம். அக்குழந்தையோடு உரையாட அம்மொழி அறிந்தவர் வேண்டும், பொறுமை வேண்டும், நாள்கள் வேண்டும். உணரியை ஒட்டவோ சில நொடிகள் போதும். ஆகவே பேச்சு ‘அகவயமானது’ என்று ஒதுக்கப்படுகிறது; எண் ‘புறவயமானது’ என்று அரியணை ஏறுகிறது.

ஆனால் எண்ணுக்கும் பொருள்கொள்ள வேண்டியிருக்கிறது. குழந்தையின் கண் அறையின் கதவையே நாடுகிறது என்று கருவி சொல்லும். ஊசியோடு வரும் செவிலியரை அஞ்சியா, வெளியே சென்ற தாயை எதிர்பார்த்தா என்பதைச் சொல்லாது. முன்னது காரணமானால், ஊசி போடுவதற்குப் படுக்கையை விட்டு விலகிய தனி இடம் வேண்டும். பின்னது காரணமானால், தாய்க்கு அறைக்குள் ஒரு படுக்கை வேண்டும். ஒரே தரவு, இரு வேறு அறைகள். எது தேவை என்பதைக் குழந்தைதான் சொல்ல முடியும்.

பேச இயலாத சிசுவிடம் எதைக் கேட்பது என்ற எதிர்வாதம் எழும். நியாயமான வாதம். நோயாளர் கூடத்தில் இரவு ஒலி சராசரியாக 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 1999ஆம் ஆண்டு வழிகாட்டுதல். இரைச்சலுக்குப் பழகிப்போன பெரியவர்களின் காதை நம்பி அதைச் சரிபார்க்க முடியாது, கருவி வேண்டும். எனினும் கருவி விடையைத்தான் தரும். கேள்வியை ஆய்வாளர்தான் எழுப்ப வேண்டும்.

சரியான கேள்வி அறையையே மாற்றும் என்பதற்குச் சான்று தில்லியிலேயே இருக்கிறது. குறைந்த எடையோடு பிறந்த சிசுவின் உடல்நிலை சீரான பின்பே தாயின் மார்போடு அணைத்து வைப்பது வழக்கமாக இருந்தது. பிறந்த உடனேயே அணைத்து வைத்தால் என்ன என்று உலக சுகாதார நிறுவனம் ஒருங்கிணைத்த ஓர் ஆய்வு கேட்டது. அதற்குத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் தாயும் தங்க வேண்டும்; அவருக்கும் அங்கே படுக்கை வேண்டும். இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளின் ஐந்து மருத்துவமனைகளில், 3,211 சிசுக்களைக் கொண்டு அந்த ஆய்வு நடந்தது. இந்தியாவின் சார்பில் சப்தர்ஜங் மருத்துவமனை பங்கேற்றது. 2021இல் வெளியான முடிவு இது: 28 நாள்களுக்குள் நேர்ந்த இறப்பு, வழக்கமான முறையில் 15.7 விழுக்காடு, உடனடி அணைப்பில் 12 விழுக்காடு. பயன் தெளிவானதால் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. கறாராக அளந்த ஆய்வுதான் அதுவும். ஆனால் சுவரின் நிறத்தை அல்ல, அறைக்குள் யார் இருக்கிறார் என்பதையே அது சோதித்தது.

பெரும்பாலான வடிவமைப்பு ஆவணங்களில் இன்றும் தாயின் பெயர் ‘பார்வையாளர்’ அல்லது ‘உடனிருப்பவர்’. பார்வையாளருக்கு நாற்காலி போதும். அந்த ஒரு சொல்தான் இரவில் அவரைத் தரையில் படுக்க வைக்கிறது. ஒரு படுக்கையும் ஒரு குழந்தையும் மட்டுமே உள்ள மெய்நிகர் அறையை எத்தனை முறை சோதித்தாலும் தரையில் படுத்திருப்பவர் தரவில் வரப்போவதில்லை.

தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைக்கு வழங்குகிறது 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு. இந்தியா அதை 1992இல் ஏற்றது. ஆகவே இத்தகைய ஆய்வுகளைப் பரிசீலிக்கும் அறநெறிக் குழுக்கள் இரு கேள்விகளைக் கட்டாயமாக்க வேண்டும். குழந்தையிடம் எந்த மொழியில், யார், எத்தனை நாள் பேசினார்கள்? மாதிரி அறையில் தாய் எங்கே உறங்குகிறார்? இவற்றுக்கு விடையில்லாத முன்மொழிவுக்குக் கருவி வாங்க ஒரு ரூபாயும் ஒதுக்கக் கூடாது.